பாலைவனத்து நவீன வீடுகளில் குடியிருப்பது எப்படி இருக்கும்? பாம் ஸ்பிரிங்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில், 1950களிலும் 60களிலும் கட்டிய தாழ்வான கண்ணாடிச் சுவர் வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, வாங்கலாமா, வாடகைக்கு வரலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் கேள்விகள் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். எனக்கு இந்த வீடுகள் மேல் பிரியம் அதிகம். அதனால்தான் இவற்றின் குணம் தெரியாமல் யாரும் வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது? அது ஏன் பாலைவனம்?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே சுமார் 100 மைல். ஊரின் மேற்கு எல்லையில் சுவர் மாதிரி சான் ஹசிண்டோ மலை எழுந்து நிற்கிறது. உச்சி 10,834 அடி. ஊர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் 500 அடி கூட இல்லாத உயரத்தில். பசிபிக் பக்கமிருந்து வரும் மேகம் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே பெய்து தீர்ந்துவிடும். எங்கள் பங்குக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து 5 அங்குலம் கிடைத்தால் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 44,500. குளிர்காலத்தை மட்டும் கழிக்க வருகிறவர்களால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஊர் நிறைந்திருக்கும், மே பிறந்ததும் காலியாகத் தொடங்கும்.

இத்தனை நவீன வீடுகள் ஒரே ஊரில் எப்படி வந்தன?

பணக்காரர்களும் ஹாலிவுட் நட்சத்திரங்களும் கட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் சில வீடுகள் உண்டு. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நொய்ட்ரா 1946-இல் முடித்த காஃப்மன் வீடு, ஸ்டுவர்ட் வில்லியம்ஸ் ஃபிராங்க் சினாட்ராவுக்காக 1947-இல் கட்டிய வீடு ஆகியவை அந்த ரகம். ஆனால் தெருத்தெருவாக நிற்பவை ஆடம்பர மாளிகைகள் அல்ல. ஜார்ஜ் அலெக்சாண்டரும் அவர் மகன் ராபர்ட்டும் நடத்திய கட்டுமான நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுகளில் இந்தப் பகுதியில் 2000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. நடுத்தரக் குடும்பங்கள் வாரக் கடைசிக்கும் குளிர்காலத்துக்கும் வந்து தங்கக் கட்டிய சிறு வீடுகள் அவை. 1965 நவம்பரில் தந்தை, மகன், இருவர் மனைவியரும் ஒரே விமான விபத்தில் இறந்தார்கள். அத்துடன் அந்த அத்தியாயம் முடிந்தது.

அந்த வீடுகளில் பலவற்றின் வரைபடம் வில்லியம் கிரிசலும் அவர் கூட்டாளி டான் பால்மரும் போட்டது. கிரிசலின் யோசனை மிக எளிமையானது. 1957 வாக்கில் ட்வின் பாம்ஸ் எஸ்டேட்ஸில் எல்லா வீட்டுக்கும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சதுரத் திட்டம்தான். குழாய், சமையலறை, குளியலறை எல்லாம் ஒரே இடத்தில் வருவதால் செலவு குறைவு. அதே திட்டத்தை ஒரு மனையில் நேராக வைப்பார், அடுத்த மனையில் 90 பாகை திருப்பி வைப்பார், அதற்கடுத்ததில் தெருவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளுவார். ஒன்றுக்குத் தட்டைக் கூரை, ஒன்றுக்கு இரு பக்கமும் இறக்கை விரித்து நடுவில் தாழும் பட்டாம்பூச்சிக் கூரை, இன்னொன்றுக்குச் சரிவுக் கூரை. கார் நிறுத்தும் கொட்டகையும் சிமெண்ட் ஜாலிச் சுவரும் ஒவ்வொன்றிலும் வேறு பக்கம். தெருவில் நடந்து போனால் இரண்டு வீடு ஒன்றுபோல் தெரியாது. ஒவ்வொரு மனையிலும் இரண்டு பனைகள் நட்டார்கள். அந்தப் பகுதியின் பெயருக்குக் காரணம் அதுவே.

ஊரின் வடக்கே ரேக்கெட் கிளப் எஸ்டேட்ஸ் வீடுகள் இன்னும் சிறியவை, பல சுமார் 1200 சதுர அடிதான். மூன்று படுக்கையறை அதற்குள்ளேயே அடங்கும். அதே வட்டாரத்தில் டொனால்ட் வெக்ஸ்லர் வடிவமைத்த எஃகு வீடுகளும் இருக்கின்றன. 38 வீடு கட்டத் திட்டம் போட்டார்கள்; எஃகு விலை ஏறியதால் ஏழோடு நின்றுவிட்டது.

உள்ளே போனால் என்ன வித்தியாசம் தெரியும்?

தெருவிலிருந்து பார்த்தால் வீடு பேசாது. முன்பக்கம் ஏறக்குறைய மூடிய சுவர், ஒரு வண்ணக் கதவு, ஜாலி. உள்ளே கால் வைத்ததும் எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் நீச்சல் குளமும் மலையும். சுமையைச் சுவர் தாங்குவதில்லை, தூணும் உத்திரமும் தாங்குகின்றன. அதனால்தான் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைக்க முடிந்தது. உத்திரத்துக்கு மேல் பலகை, பலகைக்கு மேல் நேராகக் கூரை. இடையில் பரண், பொய்க்கூரை எதுவும் கிடையாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை ஓடும். படுக்கையிலிருந்து அண்ணாந்தால் அதன் வழியாக மலை முகடும் பனை உச்சியும் மட்டும் தெரியும், பக்கத்து வீடு தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வீடுகளைக் கும்பிடலாம். மனைகள் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படமாட்டார்.

கோடையில் கண்ணாடி வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?

இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 42 செல்சியஸ். 2024 ஜூலை 5 அன்று 51.1 செல்சியஸ், அதாவது 124 ஃபாரன்ஹீட் பதிவானது. இந்த ஊரில் இதுவரை பதிவானதில் அதுவே உச்சம். நள்ளிரவிலும் 30-க்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

இந்த வீடுகள் முதன்மையாகக் குளிர்காலத்துக்காகக் கட்டப்பட்டவை. பரண் இல்லாததால் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு வைக்க இடமில்லை. பழைய ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி. முதலில் போட்டபடியே இருக்கும் வீட்டில் மதியம் உள்பக்கத்திலிருந்து கூரைப் பலகையைத் தொட்டால் கை சுடும்.

எல்லா வீடும் ஒரே மாதிரி சூடாவதில்லை. கண்ணாடிச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத்தான் முதலில் பாருங்கள். தெற்குப் பார்த்த கண்ணாடியானால் பயமில்லை. கோடை நண்பகலில் சூரியன் இங்கே ஏறக்குறைய 80 பாகை உயரத்தில் நிற்கும். முன்னே நீட்டிய இறவாணம் அதை முழுக்க மறைத்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் 33 பாகைக்கு இறங்கிவிடுவதால் அதே இறவாணத்துக்கு அடியில் வெயில் புகுந்து கூடத்தின் பாதி வரை வந்து தரையைச் சூடாக்கும். டிசம்பர் காலைகளில் அந்த வெயிலில் உட்கார்ந்து காபி குடிப்பது பெரிய சுகம். மேற்குப் பார்த்த கண்ணாடியானால் கதை வேறு. மாலை வெயில் தாழ்வாக நேரே வருவதால் எந்த இறவாணமும் தடுக்காது. அதே திட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்ததில் சில வீடுகளுக்கு இந்த விதி அமைந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிப்பக்கம் இறக்கும் திரையோ, மரமோ, ஜாலிச் சுவரோ கட்டாயம் வேண்டும். உள்ளே திரை போடுவதில் பயன் குறைவு. வெயில் கண்ணாடியைக் கடந்த பிறகு சூடு வீட்டுக்குள் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

மலையும் கைகொடுக்கும். விஸ்டா லாஸ் பால்மாஸ் போன்ற மலையடிப் பகுதிகளில் ஊரின் கிழக்குப் பக்கத்தைவிட வெகு முன்னதாகவே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கோடையில் அது வரம். குளிர்காலத்தில் பிற்பகல் பாதியிலேயே குளத்தில் நிழல் விழுந்துவிடுகிறதே என்று அங்கே இருப்பவர்கள் குறைப்படுவார்கள்.

ஆல்பர்ட் ஃபிரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் 1964-இல் மலைச்சரிவில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். பெரிய பாறை ஒன்று அப்படியே வீட்டுக்குள் புகுந்து நிற்கும். கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் சூரியன் எங்கே எழுந்து எங்கே விழுகிறது என்று ஓராண்டு அளந்து பார்த்தாராம். வாங்கப்போகிறவர்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைக்காது. ஒரு திசைகாட்டியாவது கொண்டு வாருங்கள்.

ஏசி செலவு எவ்வளவு வரும்?

வீட்டின் அளவு, கூரை, கண்ணாடி மூன்றையும் பொறுத்தது. ஒரு தொகை சொன்னால் அது யாருக்கும் பொருந்தாது. விற்கிறவரிடம் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாத மின்கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் திட்டத்தில் மாலை 4 முதல் 9 வரைதான் விலை உச்சம். அதனால் நாங்கள் மதியம் 2 மணிக்கே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு 4 மணிக்கு மேல் ஏசியைத் தளர்த்துகிறோம். கான்கிரீட் தளம் குளிர்ச்சியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் கூலர் மே, ஜூன் மாதங்களில் பிரமாதமாக வேலை செய்யும். ஜூலைக் கடைசியில் தெற்கேயிருந்து ஈரக்காற்று வந்ததும் அதனால் பிரயோசனமில்லை.

தட்டைக் கூரை ஒழுகாதா?

கவனித்துக்கொண்டால் ஒழுகாது. இங்கே பெரும்பாலான கூரைகள் மேல் ஃபோம் தெளித்து வெள்ளைப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பவும் மழைக்கும் அந்த ஒன்றே போதும். ஆனால் வெயிலில் பூச்சு பொடிந்துபோகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பறவைகள் ஃபோமைக் கொத்திக் குழி பறிக்கும். அதையும் பார்த்து அடைக்க வேண்டும். பட்டாம்பூச்சிக் கூரை என்றால் நடுப்பள்ளத்தில் சருகு சேராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து இறங்கும்.

மழையே இல்லாத ஊர் என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் வந்தபோது ஒரே நாளில் 3 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரு பகலிலும் இரவிலும்! ஊருக்கு வடக்கே வறண்ட ஆற்றுப்படுகையைக் கடக்கும் சாலைகள் மூடப்பட்டன. அந்த வாரம் கூரைக்காரர்களைப் பிடிக்கவே முடியவில்லை.

காற்று அதிகமாமே?

எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. ஊருக்கு வடமேற்கே இரண்டு பெரிய மலைகளுக்கு நடுவில் சான் கொர்கோனியோ கணவாய் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வரும்போது காற்றாலைகள் கூட்டமாகச் சுழலும் இடம் அதுதான். ஆரல்வாய்மொழியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடல் பக்கத்துக் காற்று அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வரும். வசந்த காலத்தில்தான் உச்சம். வடக்குப் பகுதிகளில் அது நன்றாகத் தெரியும்; தெற்கே போகப்போக மலை மறைப்பதால் காற்று அடங்கிவிடும். வடக்கில் மனை விலை ஓரளவு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றடித்த மறுநாள் நழுவுகதவின் தண்டவாளத்தில் மாவு போல மணல் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் கதவைத் தள்ளினால் சக்கரம் தேய்ந்துபோகும். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு பழைய பெயிண்ட் பிரஷ் கதவோரமாகத் தொங்குகிறது.

உண்மையிலேயே அமைதியான இடமா?

ஆமாம். பல தெருக்களில் விளக்குக் கம்பமும் கிடையாது, நடைபாதையும் கிடையாது. இரவில் நட்சத்திரம் தெரியும். விடியற்காலையில் காடைகள் கூட்டமாகக் கூவுவதும், எங்கோ குளத்து மோட்டார் ஓடுவதும்தான் சத்தம்.

அமைதி தானாக வந்ததல்ல, ஊர்க்காரர்கள் சண்டை போட்டு வாங்கியது. சருகு ஊதும் பெட்ரோல் இயந்திரத்துக்கு 2019 முதல் தடை. மின்சாரத்தில் ஓடுவதை மட்டுமே பயன்படுத்தலாம். பெரிய சண்டை நடந்தது விடுமுறை வாடகை வீடுகள் பற்றித்தான். நீச்சல் குளமும் அழகான கதவும் இருக்கும் வீட்டை நாள்வாடகைக்கு விட்டால் நல்ல பணம். வார இறுதியில் பக்கத்து வீட்டுக்குப் புதிதுபுதிதாக விருந்துக் கூட்டம் வரும். குடியிருப்புப் பகுதிகளில் இதையே ஒழித்துவிடலாம் என்ற முன்மொழிவை 2018-இல் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். 2022-இல் நகர மன்றம் நடுவழி ஒன்றைக் கண்டது. ஒரு குடியிருப்புப் பகுதியில் 20 சதவீத வீடுகளுக்கு மேல் நாள்வாடகை உரிமம் கிடையாது. புதிதாக உரிமம் வாங்குகிறவர் ஆண்டுக்கு 26 முறைதான் வாடகைக்கு விடலாம். வாடகைக்கு வருகிறவர்கள் வெளியே ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடவும் கூடாது. என்னைக் கேட்டால் இன்னும் இறுக்கியிருக்கலாம். ஒரு தெருவில் ஐந்தில் ஒரு வீட்டில் நிரந்தரமாக ஆளில்லை என்றால், பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லையே என்று கவனிப்பதற்கும் ஆளிருக்காது.

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வசதிதான், ஆனால் ஓடுபாதைக்கு நேர்கோட்டில் வரும் தெருக்களில் வீடு பார்க்கும்போது கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்று கேளுங்கள். ஏப்ரலில் நடக்கும் பெரிய இசைவிழா இங்கே இல்லை, பள்ளத்தாக்கின் கிழக்கே இருக்கும் இண்டியோ ஊரில். போக்குவரத்து நெரிசல் மட்டும் எங்களுக்கும் உண்டு.

குத்தகை நிலம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, அது என்ன?

இது புரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

இந்த நிலம் ஆகுவா காலியன்டே கவியா என்ற பூர்வகுடி மக்களுடையது. ஊருக்குப் பெயர் கொடுத்த வெந்நீர் ஊற்று அவர்களுடையது, மலைப் பள்ளத்தாக்குகளில் ஓடையை ஒட்டி வளர்ந்திருக்கும் பனந்தோப்புகளும் அவர்களுடையவை. ரயில்பாதை போட்டபோது அரசு இந்தப் பள்ளத்தாக்கைச் சதுரமைல் சதுரமைலாக வெட்டி, ஒற்றைப்படை எண் கட்டங்களை ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 1876 முதல் ஒதுக்கிய பூர்வகுடி நிலத்துக்கு இரட்டைப்படைக் கட்டங்கள்தான் கிடைத்தன. வரைபடத்தைப் பார்த்தால் சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று இருக்கும். இன்று ஊரின் தெருக்கள் அந்தக் கோடுகளின் மேல்தான் போகின்றன. அதனால் ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் மனையும் உங்கள் பெயரில் கிரயமாகும். அந்தப் பக்கம் வீடு மட்டும் உங்களுடையது, மனை பூர்வகுடிக் குடும்பத்துடையது.

1959-இல் வந்த சட்டம்தான் 99 ஆண்டு வரை குத்தகைக்கு விட வழி செய்தது. அதற்குப் பிறகே அந்த மனைகளில் இந்த மாதிரி வீடுகள் பெருகின. குத்தகை மனையில் வீட்டு விலை குறைவாக இருக்கும். மாறாக மாதாமாதமோ ஆண்டுதோறுமோ நிலவாடகை கட்ட வேண்டும். பார்க்க வேண்டியவை: குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, நிலவாடகை எப்போது எவ்வளவு ஏறும், நீட்டிப்புக்குப் பேச்சு நடந்திருக்கிறதா. குத்தகைக் காலம் கடன் காலத்தைவிடப் போதுமான அளவு நீண்டிருக்காவிட்டால் வங்கி கடன் தராது. உங்களிடமிருந்து நாளை வாங்கப்போகிறவருக்கும் அதே சிக்கல்தான்.

குத்தகை மனை என்பதற்காக வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக நீட்டிக்கப்பட்ட குத்தகையில் நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். நிலத்துக்கு உரிய மக்களுக்கு வாடகை போய்ச் சேருவது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

செக்‌ஷன் 14 பற்றிச் செய்தியில் வந்ததே?

ஊரின் நடுவில் இருக்கும் ஒரு சதுரமைல் கட்டத்தின் பெயர் அது. ஓட்டல்களிலும் கட்டுமானத்திலும் வீட்டு வேலையிலும் இருந்த கறுப்பின, மெக்சிகன் குடும்பங்களுக்கு ஊரின் மற்றப் பகுதிகளில் இடம் கிடைக்காததால் அங்கே பூர்வகுடி நிலத்தில் வாடகைக்கு இருந்தார்கள். 1950களிலும் 60களிலும் அவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். அலெக்சாண்டர் வீடுகள் அழகழகாக எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். 1968-இல் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலக அறிக்கை ஒன்று நகராட்சியை மிகக் கடுமையாகக் கண்டித்தது. 2021-இல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சந்ததியினருக்கும் 59 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்த ஊர் வீடுகளின் அழகைப் பற்றி எழுதுகிற யாரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தண்ணீர் கிடைக்கிறதா? தோட்டம் போடலாமா?

பள்ளத்தாக்கின் அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. எடுத்துக்கொண்டே இருந்தால் வற்றிவிடும் என்பதால் 1970களிலிருந்து கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவந்து ஊருக்கு வடமேற்கே குளங்களில் விட்டு மண்ணுக்குள் இறங்கவைக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் கடினநீர். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

புல்தரையை எடுத்துவிடுங்கள். எடுக்கிறவர்களுக்குத் தண்ணீர் வாரியமே ஊக்கத்தொகை தருகிறது. அந்த இடத்தில் சரளைக் கல் பரப்பி, உருண்டைக் கள்ளி, ஒக்கோட்டியோ என்ற முட்செடி, பாலோ வெர்டே மரம் வைத்தால் இந்த வீடுகளுக்குக் கச்சிதமாக இருக்கும். கிரிசல் தோட்ட வடிவமைப்பிலும் தேர்ந்தவர். வீட்டையும் முன்வாசலையும் ஒரே படமாகத்தான் வரைந்தார். நிழலுக்கு மெஸ்கீட் மரம் நல்லது. நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அங்கே அதை வெட்டி எறிகிறோம். இது பிறந்த மண் என்பதால் இங்கே பறவையும் தேனீயும் அதை நம்பி வாழ்கின்றன.

வேலிக்கு அரளி வைப்பது இங்கே பழைய வழக்கம். இப்போது ஒரு பாக்டீரியா நோய் வந்து நுனியிலிருந்து கருகி வரிசை வரிசையாகச் செத்துப்போகிறது. புதிதாக அரளி வைக்காதீர்கள். குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் ஏன் வைக்கக் கூடாது என்று நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நீச்சல் குளம் வேண்டுமா?

ஐந்து மாதம் அதுதான் உங்கள் முற்றம். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் ஆள் உயரத் தண்ணீர் ஆவியாகிறது. மூடி போட்டால் பெருமளவு மிச்சம். ஆகஸ்டில் குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

பாம்பு, தேள்?

மலையை ஒட்டிய தெருக்களில் எப்போதாவது கிலுகிலுப்பைப் பாம்பு வரும். தேளும் கருப்பு விதவைச் சிலந்தியும் தோட்டத்துக் கல்லுக்கடியிலும் மின்பெட்டிக்குள்ளும் இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். ஓநாய் இனத்துக் கயோட்டி இரவில் தெருவோடு போகும். சின்ன நாயைத் தனியே வெளியே விடாதீர்கள். மற்றபடி சந்தோஷம் தருபவைதான் அதிகம். ரோட்ரன்னர் பறவை மதில்மேல் ஓடி வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். செம்போத்தைப் போல அதுவும் குயில் குடும்பம்தான்; நீண்ட வாலை வைத்துக்கொண்டு நடக்கும் நடையில் அந்தச் சாயல் தெரியும்.

நிலநடுக்கம்?

பள்ளத்தாக்கின் மறுபக்கம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. 1986 ஜூலையில் வடக்கே 6 ரிக்டர் அளவுக்கு ஒரு நடுக்கம் வந்தது. ஒற்றை மாடி, எடை குறைந்த கூரை என்பது நல்ல விஷயம். பெரிய கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியா என்று பாருங்கள். பழைய வீட்டில் பெரும்பாலும் இருக்காது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் அடங்காது.

வாங்கிய பிறகு வீட்டை இடித்து மாற்றலாமா?

வீடு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வெளித்தோற்றத்தை மாற்ற நகராட்சி ஒப்புதல் வேண்டும். அதற்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. மில்ஸ் சட்டம் என்று 1972-இலிருந்து இருக்கும் மாநிலச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். அந்தப் பணத்தை வீட்டைப் பராமரிக்கச் செலவிட வேண்டும்.

அறிவிக்கப்படாத வீடானாலும் அவசரப்படாதீர்கள். 1990களில் இந்த வீடுகளைப் பழைய குப்பை என்று நினைத்து ஜாலியை உடைத்து, கார் கொட்டகையை அடைத்து, பட்டாம்பூச்சிக் கூரைமேல் ஓட்டுக் கூரை போட்டவர்கள் பலர். இன்று அதே வீடுகளை வாங்குகிறவர்கள் கிரிசலின் வரைபடத்தைத் தேடிப் பிடித்து, செலவழித்து முன்பிருந்தபடி மாற்றுகிறார்கள். 1999-இல் தொடங்கிய பாம் ஸ்பிரிங்ஸ் மாடர்ன் கமிட்டி இந்த மனமாற்றத்துக்கு நிறைய உழைத்தது. ஒவ்வொரு பிப்ரவரியும் 11 நாள் நடக்கும் மாடர்னிசம் வீக் என்ற விழாவில் பல வீடுகளைத் திறந்துவிடுவார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் நுழைவுச்சீட்டு எடுத்து நாலைந்து வீட்டுக்குள்ளாவது போய்ப் பாருங்கள். ஒரே திட்டத்தை வெவ்வேறு குடும்பங்கள் எப்படிப் பழகியிருக்கின்றன என்று நேரில் பார்ப்பது பெரிய பாடம்.

எதை உடைக்கும் முன்னும் பரிசோதனை வேண்டும். பழைய தரை வில்லைகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். 1978-க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கழிவுநீர்க் குழாய்கள் வார்ப்பிரும்பில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் போகின்றன. அறுபது ஆண்டு ஆகிவிட்ட குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சமையலறை மேடை அழகாயிருக்கிறது என்று வாங்கிவிட்டு, பிறகு தளத்தை உடைக்கிறவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

நம் சமையலுக்குச் சரிப்படுமா?

சமையலறையும் கூடமும் ஒன்று. தாளித்தால் படுக்கையறை வரை மணக்கும். பரண் இல்லாததால் புகைபோக்கியை நேராகக் கூரை வழியாக விட வேண்டும். அதைக் கூரைக்குப் பூச்சு கொடுக்கும்போதே செய்துகொள்வது லாபம். வடாம், வற்றலுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. காலையில் பிழிந்தால் சாயங்காலம் டப்பாவில் போடலாம், காற்றில்லாத நாளாகப் பார்த்துக்கொண்டால் போதும். பேரீச்சம்பழம் இண்டியோ பக்கத்துத் தோப்பிலிருந்தே வரும். பெரிய இந்தியக் கடைவீதி என்றால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆர்ட்டீசியா வரை வண்டி ஓட்ட வேண்டும்.

கார் இல்லாமல் முடியுமா?

முடியாது. குளிர்காலத்தில் சைக்கிள் அருமை. கோடையில் பத்து நிமிட நடைகூட ஆபத்து, நாயின் பாதம் தார்ச்சாலையில் வெந்துவிடும். மூச்சு முட்டினால் ரோப்காரில் மலை ஏறிவிடுவோம். 1963 முதல் ஓடுகிறது. பத்து நிமிடத்தில் 8,516 அடி உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே பைன் மரங்களும் குளிரும்.

வீடு பார்க்க எந்த மாதம் வரலாம்?

தரகர்கள் பிப்ரவரியில் வரச் சொல்வார்கள். மலையில் பனி, கீழே பூ, 21 செல்சியஸ். எந்த வீட்டைப் பார்த்தாலும் மனசு விழுந்துவிடும். பிடித்த வீட்டைக் குறித்துவைத்துக்கொண்டு ஆகஸ்டில் மாலை 4 மணிக்குத் திரும்ப வாருங்கள். ஏசியை அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லி, கண்ணாடிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் அதே தெருவில் ஒரு கோடை முழுக்க வாடகைக்கு இருங்கள். கோடையில் வாடகையும் குறைவு, வீட்டுக்காரரும் பொறுமையாகப் பேசுவார்.